சிவப்புச் சோப்பும் நாகசேனரும்

லைஃப்பாய் என்றதும் ஒரு தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது அதன் நெடி. மூக்கைத் துளைக்கும் கார்பாலிக் நெடி. செங்கல் நிறம், செங்கல் வடிவம், கிணற்றடிக் கல்லில் ஈரத்தோடு கிடந்தாலும் லேசில் கரையாத கெட்டி. முகத்துக்குப் போட வேறு சோப்பு இருந்த வீட்டிலும் கை கழுவ, கால் கழுவ, வயலிலிருந்து வந்தவர் மேல் கழுவ இதுதான் இருந்தது. இங்கிலாந்தில் லீவர் சகோதரர்கள் 1894-ல் கிருமிநாசினிச் சோப்பாக இதைக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டே அது இந்தியக் கரையில் இறங்கிவிட்டது.

நூறு வருஷங்களுக்கு மேல் ஓடிய அந்தச் சோப்பு 2002-ல் இந்தியாவில் அடியோடு மாறியது. கார்பாலிக் வகையையே நிறுவனம் கைவிட்டது. மென்மையான குளியல் சோப்பாக அது மறுபிறவி எடுத்தது. பழைய நெடி போய்ப் புது நறுமணம் வந்தது, கட்டையான வடிவம் போய் வளைவு வந்தது. நிற்கிறவை இரண்டு: பெயரும் சிவப்பும். புதுக்கட்டியை முகர்ந்து பார்த்த பெரியவர் “இது லைஃப்பாயே இல்லை” என்கிறார். உறையிலோ பெரிய எழுத்தில் லைஃப்பாய் என்றே இருக்கிறது. இரண்டில் எது சரி?

மளிகைக் கடை வாசலில் தீர்கிற வழக்கு இல்லை இது. மாறிய ஒன்று மாறாத பெயரோடு நிற்கும்போது அது பழையதா புதியதா என்று இரண்டாயிரம் வருஷங்களாக வாதிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கொண்டுபோனால், சோப்புக்கும் ஒரு தீர்ப்பு கிடைக்கும்.

முதலில் ஆஜராவது வழக்கம்போல் கிரேக்கர்களின் கப்பல். தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பாதுகாத்தார்கள், உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் புதுப் பலகை அடித்தார்கள், கடைசியில் அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் சண்டை போட்டார்கள் என்று புளூட்டார்க் எழுதிவைத்தார். பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் இன்னொரு முடிச்சைப் போட்டார்: கழற்றிய பழைய பலகைகளை யாரோ சேர்த்துவைத்து இன்னொரு கப்பலைக் கட்டிவிட்டால் எது அசல்? கெட்டிக்காரக் கேள்விதான். ஆனால் சோப்புக்கு இது பொருந்தாது. பலகை மாற மாறக் கப்பல் இடைவிடாமல் இருந்துவந்தது. நேற்றைய சோப்போ நுரையாகி வாய்க்காலில் போய்விட்டது. இன்று கடையில் இருப்பது முழுக்கவே வேறு கட்டி. மாதாமாதம் வீட்டுக்கு வருவது பழுது பார்க்கப்பட்ட பழைய பொருள் இல்லை. ஒன்றைப் போல் இன்னொன்று, அதைப் போல் மற்றொன்று என்ற ஒரு வரிசை.

வரிசை என்று வந்துவிட்டால் பௌத்தர்கள்தான் கெட்டி. இரவு முழுக்க எரியும் விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றா என்பது அவர்களுடைய பழைய உதாரணம். ஒன்றும் இல்லை, முற்றிலும் வேறும் இல்லை. ஒன்று அணைய ஒன்று பிறக்கும் தொடர்ச்சி. நியாய தரிசனக்காரர்கள் இதற்கு ஒப்பவில்லை. “இவன்தான் அந்தத் தேவதத்தன்” என்று மனிதன் அடையாளம் கண்டுகொள்கிறானே, பொருள் நிலைத்திருப்பதற்கு அதுவே சாட்சி என்றார்கள். பௌத்தர்கள் விடவில்லை. வெட்டிய முடி திரும்ப வளர்ந்தால் அதையும் ‘அதே முடி’ என்றுதான் சொல்கிறீர்கள். ஒத்திருப்பதை ஒன்று என்று எடுத்துக்கொள்வது மனசின் பழக்கம் என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

தமிழுக்கும் இந்தச் சண்டை புதிதில்லை. மணிமேகலை வஞ்சியில் சமயக் கணக்கர் பலரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். காஞ்சியில் அறவண அடிகளிடம் அளவை நூலையே பாடமாகக் கேட்கிறாள். பௌத்தக் குண்டலகேசிக்கு எதிராக எழுந்த சமண நூலான நீலகேசி, எல்லாம் கணத்துக்குக் கணம் அழிகிறது என்ற கொள்கையை விரட்டி விரட்டி அடிக்கிறது. எல்லாமே கணந்தோறும் வேறாகிவிட்டால் நேற்றுக் கடன் வாங்கியவன் இன்று கடன்காரனாக இருக்க மாட்டானே என்பது இந்தக் கொள்கையை எதிர்ப்பவர்கள் எல்லோரும் கேட்கக்கூடிய கேள்வி. கடன் என்ற அந்தச் சொல் சோப்பு வழக்கிலும் பின்னால் வேலைக்கு வரும்.

சமணர்களின் பதில் நிதானமானது. காஞ்சியோடு மரபு தொடர்புபடுத்தும் சமந்தபத்திரர், ஆப்த மீமாம்சை என்ற நூலில் ஒரு காட்சியைச் சொல்கிறார். பொற்குடத்தை உருக்கி மகுடம் செய்கிறார்கள். குடம் வேண்டியிருந்தவனுக்குத் துக்கம். மகுடம் வேண்டியிருந்தவனுக்கு மகிழ்ச்சி. பொன் மட்டும் வேண்டியவனுக்கு இரண்டும் இல்லை. அழிவு, தோற்றம், நிலைபேறு மூன்றும் ஒரே பொருளில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பார்க்கிறவர் எதை நாடி வந்தார் என்பதைப் பொறுத்து ஒன்று முன்னே தெரிகிறது.

இதை ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1873-ல் ஹார்லிக் சகோதரர்கள் இருவர் அமெரிக்காவின் சிகாகோவில் தொடங்கிய மால்ட் பொடி அது. பிரிட்டனில் அது ராத்திரி படுக்கப்போகும்முன் குடிப்பது, தூக்கம் வருவதற்கு. இந்தியாவில் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்குக் காலையில் கொடுப்பது, உயரமாக வளர்வதற்கு! பஞ்சாபின் நாபாவில் ஆலை வந்தபோது எருமைப்பாலைக் கொண்டே தயாரித்தார்கள். மூலப்பால் வேறு, குடிக்கும் நேரம் வேறு, குடிப்பதன் நோக்கம் வேறு. ஜுரத்தில் கிடந்தவரைப் பார்க்க ஆப்பிளோடும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் போன தமிழ்நாட்டு உறவினருக்கு அது மருந்துக்கு அடுத்த படி. இவர்களில் ‘உண்மையான’ ஹார்லிக்ஸ் யாருடையது என்று கேட்டால், சமந்தபத்திரரின் மூவரைப் போல ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். மூன்றும் சரியாகவே இருக்கும்.

பொருள் இப்படி நாட்டுக்கு நாடு, ஆளுக்கு ஆள் நழுவ, பெயர் மட்டும் கெட்டியாக நிற்கிறது. 2020-ல் ஹார்லிக்ஸ் கைமாறியபோது இந்தியாவில் அந்தப் பெயரின் உரிமைக்காக மட்டும் இந்துஸ்தான் யூனிலீவர் தந்த தொகை 3,045 கோடி ரூபாய். ஆலைக்கும் யந்திரங்களுக்கும் தந்தது தனிக்கணக்கு. பெயர் என்பது வெறும் வழங்கு சொல், அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்று தேரை வைத்து நிரூபித்தார் பௌத்தத் துறவி நாகசேனர். அச்சைக் கேட்டாலும் தேர் இல்லை, சக்கரத்தைக் கேட்டாலும் தேர் இல்லை. அந்த ஒன்றுமில்லாததற்குத்தான் சந்தை இவ்வளவு விலை வைத்திருக்கிறது.

வாங்குகிறவர்களும் பெயரில்தான் உயிரை வைத்திருக்கிறார்கள். இதற்கு உலகறிந்த சாட்சி கோகோ கோலா. 1985 ஏப்ரலில் அந்த நிறுவனம் தன் பழைய கலவையை மாற்றிப் புதியதை அறிவித்தது. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேருக்குக் கொடுத்துச் சோதித்து, புதியதே பிடித்திருக்கிறது என்று பெரும்பாலோர் சொன்ன பிறகுதான் அறிவித்தது. நாக்கு சம்மதித்த விஷயத்தை மனசு ஏற்கவில்லை. தொலைபேசியிலும் கடிதத்திலும் வசவு கொட்டியது. 79 நாளில் பழைய கோக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. இதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. அமெரிக்கக் கோக்கில் சர்க்கரைக்குப் பதிலாக மக்காச்சோளச் சர்க்கரைப் பாகு 1980-லேயே பாதியளவுக்கு வந்துவிட்டது. 1984 முடிவதற்குள் முழுவதற்கும் நிறுவனம் அனுமதி தந்துவிட்டது. அதற்கு ஊர் கொதிக்கவில்லை. சொல்லி மாற்றியதற்குக் கலகம், பேச்சில்லாமல் மாற்றியதற்கு அமைதி. நிறுவனங்கள் இதிலிருந்து எந்தப் பாடத்தைக் கற்றிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை.

இந்த இடத்தில் நாகசேனரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். கிமு இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கில் ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டர்தான், நாகசேனரோடு உரையாடுவதாகப் பாலி நூலில் வரும் மிலிந்தன். செத்துப் பிறக்கிறவன் அதே ஆள் இல்லை என்றால், முன்வினைக்கு அவன் ஏன் பொறுப்பு என்று மிலிந்தன் கேட்கிறான். நாகசேனர் ஒரு பால் கணக்கைச் சொல்கிறார். ஒருவன் இடையனிடம் ஒரு குடம் பாலை விலைக்கு வாங்கி, நாளை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அவனிடமே விட்டுப் போகிறான். மறுநாள் வந்தால் தயிராக இருக்கிறது. “நான் தயிரா வாங்கினேன்? என் பாலைக் கொடு” என்கிறான். “நான் ஒன்றும் செய்யவில்லை, உன் பால்தான் தயிராயிற்று” என்கிறான் இடையன். அரசே, யார் பக்கம் தீர்ப்பு? இடையன் பக்கம்தான் என்கிறான் மிலிந்தன். தயிர் அந்தப் பாலிலிருந்து வந்தது அல்லவா.

சோப்பு நிறுவனத்தின் வக்கீலுக்கு இதைவிட நல்ல முன்தீர்ப்பு கிடைக்காது என்று தோன்றும். காலம் மாறியது, பொருளும் மாறியது, ஆனாலும் இது அந்தப் பாலின் தயிர்தான். கொஞ்சம் நின்று பார்த்தால் வழக்கு அப்படியே திரும்பிவிடும். இடையன் தப்பித்தது அவன் கைபடாமல் பால் தானாகத் திரிந்ததால். சோப்பு எதுவும் தானாகத் திரிவதில்லை. எண்ணெய் விலை ஏறுகிறது. கொழுப்பைக் கொஞ்சம் குறை, இடத்தை நிரப்ப வேறொன்றைப் போடு என்று யாரோ ஒருவர் ஒரு மேசையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார். அது மட்டும் இல்லை. வாங்கியவன் குடத்தைத் திறந்ததும் தயிர் என்று கண்ணால் கண்டான். இடையன் குடத்தின் மேல் ‘பால்’ என்று எழுதி நீட்டவில்லை.

அதே உரையாடலில் இன்னொரு வழக்கும் இருக்கிறது. மாங்காய் திருடியவன், “இவன் நட்டது வேறு மாங்கொட்டை, நான் பறித்தது வேறு மாங்காய்” என்று வாதிடுகிறான். அந்த வாதம் எடுபடாது என்கிறான் மிலிந்தன். பின்னது முன்னதிலிருந்து வந்தது என்பதால் அவன் தண்டனைக்கு உரியவனே. ஒன்றாக இருப்பது பொறுப்புக்கு அவசியமில்லை, தொடர்ச்சி போதும் என்பதுதான் நாகசேனரின் கட்சி. பழைய பெயரை விலை கொடுத்து வாங்கிய புது முதலாளிக்கு இது அப்படியே பொருந்தும். டாடாவின் எண்ணெய் ஆலைக் கம்பெனியில் பிறந்து, தமிழ்நாட்டில் வேரூன்றிய ஹமாம் சோப்பு, அந்தக் கம்பெனி 1993-ல் இந்துஸ்தான் லீவரோடு இணைந்தபோது வீடு மாறியது. பெயரோடு சேர்ந்து, அந்தப் பெயரை நம்பிப் பல ஆண்டுகளாகக் காசு கொடுத்தவர்களுக்குப் பட்ட கடனும் கைமாறுகிறது. சொத்தை எடுத்துக்கொண்டு கடனை மட்டும் விட்டுவிட முடியாது. பெரியவருக்கும் உறைக்கும் நடந்த தகராறில் தீர்ப்பும் இதுவே: அது அதே சோப்பு இல்லை, ஆனாலும் அதே சோப்பு என்று சொல்லி விற்றதால் அதற்குரிய பொறுப்பிலிருந்து விற்பவர் விலக முடியாது.

மாற்றம் எல்லாமே கேடு என்று இதற்குப் பொருள் கொண்டால் அது சோம்பேறித்தனம். 1937-ல் வந்த டால்டாவின் ருசியையும் மணத்தையும் நினைத்து உருகுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்யாண வீட்டு இனிப்புக்கு மினுக்கம் தந்தது அது. தாவர எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி உறையவைத்த கொழுப்பு அது. அந்த வேலையில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்கு எமன் என்று பிற்பாடு தெரிந்தது. கொழுப்பிலும் எண்ணெயிலும் டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து இந்தியாவில் சட்டம். பழைய டால்டா போனது நல்லது. 2003-ல் பங்கே நிறுவனத்துக்குக் கைமாறிய பிறகு சுத்திகரித்த எண்ணெய்களும் அந்தப் பெயரில் வருகின்றன. பெயர் நிற்க, பொருள் திருந்தவும் முடியும்.

சாட்சி சொல்கிறவரையும் விசாரித்தாக வேண்டும். ‘அந்தக் காலத்து ருசி’ என்று சொல்கிறவரின் நாக்கும் மூக்கும் அந்தக் காலத்தவை அல்ல. வயதாக ஆக மோப்பம் மங்கும். தீபாவளிக்கு மட்டும் இனிப்பைக் கண்ட வாய்க்கு அன்று ஒரு சாக்லேட் துண்டே பெரிய விருந்தாக இருந்திருக்கும். பௌத்தர்கள் கணக்குப்படி மாறுவது பொருள் மட்டும் இல்லை, ருசிக்கிறவரும்தான். ஆகவே பெரியவர்களின் புலம்பலை அப்படியே சாட்சியமாக எடுத்துக்கொள்வதற்கில்லை. தள்ளிவிடுவதற்கும் இல்லை. நாக்கு பொய் சொல்லலாம், உறையில் அச்சடித்த எண் சொல்லாது.

அந்த எண்களில் ஒன்று எடை. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் பல வருஷமாக ஐந்து ரூபாயாகவே இருந்தது. விலை நின்ற இடத்தில் நிற்க, உள்ளே இருக்கும் கிராம் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றிப் பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் சொல்லும்போது, வாங்கும்போது அதிகம் வாங்காமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் விலையை வெளிப்படையாகச் சொல்லியும் விற்றார்கள் என்கிறார். வள்ளுவரும் வணிகனின் தருமத்தைப் பொருட்பாலில் எங்கோ வைக்காமல், அறத்துப்பாலில் நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்தார். பிறர் பொருளையும் தன் பொருளாகக் கருதிச் செய்வதே வாணிகம் என்பது அவர் கட்சி. சரக்கு என்றென்றும் மாறாமல் இருக்க வேண்டும் என்று இருவரும் சொல்லவில்லை. மறைக்காதே, குறைக்காதே என்கிறார்கள்.

கோயிலில் இது இன்னும் கூர்மையாகிறது. திருப்பதி லட்டுக்குத் ‘திட்டம்’ என்று ஓர் அளவுப் பட்டியல் உண்டு; மாவு இவ்வளவு, நெய் இவ்வளவு என்று. 2009-ல் அந்த லட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நெய் வழங்கும் ஒப்பந்தக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அதைப் பற்றிப் பக்தர்கள் கவலைப்பட்டதில்லை. 2024-ல் நெய்யின் தூய்மை குறித்துக் குற்றச்சாட்டு எழுந்தபோதுதான் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், அக்டோபரில் நீதிமன்றம் சிறப்பு விசாரணைக் குழுவை அமைத்தது. பிரசாதத்தை யாரும் ருசிக்காக வாங்குவதில்லை. பிடிக்கவில்லை என்று தள்ளுவதும் இல்லை. கண்ணில் ஒற்றி வாயில் போடுகிறார்கள். கேள்வியே கேட்காமல் ஏற்கும் இடம் என்பதால்தான் அங்கே சந்தேகம் எழுந்ததும் காயம் அவ்வளவு ஆழமானது. கடைச் சரக்கை யாரும் கண்ணில் ஒற்றுவதில்லை என்றாலும், பெயரைச் சொல்லி “அதுல ஒண்ணு குடுங்க” என்று கேட்டு உறையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பையில் போடுவதும் ஒருவகை நம்பிக்கைதான்.

உறையைத் திருப்பிப் பார்ப்பது நம்பிக்கைத் துரோகம் ஆகாது. இந்தியத் தர அமைவனத்தின் கணக்கில், மொத்தக் கொழுப்புப் பொருள் 76 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள குளியல் சோப்பு முதல் தரம். 70 இரண்டாம் தரம். 60 மூன்றாம் தரம். அதற்கும் கீழே, 40 சதவீதம் இருந்தாலே போதும் என்று ‘பேதிங் பார்’ என்றொரு தனி வகை இருக்கிறது. பெயரும் படமும் முன்பக்கம் பெரிதாக இருக்க, இந்த விவரம் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். சோப்புதான் வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு பேதிங் பாரைத் தேய்த்துக் குளிக்கிறவர்கள் ஏராளம்.

பிரான்சில் 2024 ஜூலை முதல், விலையைக் குறைக்காமல் அளவை மட்டும் குறைத்த சரக்குக்குப் பெரிய கடைகள் அலமாரியருகே இரண்டு மாதம் அறிவிப்பு வைத்தாக வேண்டும். இந்தியாவில் 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்வதை வாங்குபவரின் உரிமை என்றே எழுதிவைத்திருக்கிறது. பிரான்சைப் போன்ற அறிவிப்பை இங்கேயும் கட்டாயமாக்க வேண்டும். எடைக்கு மட்டும் போதாது, கலவை மாறினாலும் உறையின் முன்பக்கத்திலேயே சொல்ல வேண்டும். அது வரும்வரை அடுத்த முறை சோப்பு வாங்கும்போது பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். உறையில் சொன்னதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.